கடலைப் பார்க்கும் வேலை

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பியூன் என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். நான் கரும்பலகையில் ஒரு பல்சக்கரத்தைப் பாதி வரைந்திருந்தேன். “சார், பிரின்சிபால் ரூம்ல உங்களுக்கு போன். டி.நகர் ஆபீஸாம்” என்றார்.

டி.நகரில் எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஒன்றுதான். என் மகள் வேலை பார்த்த கப்பலின் காரியங்களைச் சென்னையில் கவனித்துக்கொண்ட ஏஜென்ட் ஆபீஸ். தினமும் மாலையில், கப்பலிலிருந்து தகவல் வந்த பிறகு, அங்கிருந்து என் வீட்டுக்குப் போன் வரும். “பொண்ணு நல்லா இருக்காங்க சார், கடல் அமைதியா இருக்கு.” இந்த ஒரு வாக்கியம்தான். இதைக் கேட்பதற்காகவே நான் அந்த நாட்களில் அடையாறில் பாடம் நடத்திய பாலிடெக்னிக்கிலிருந்து நேராக மந்தைவெளி வீட்டுக்கு வந்துவிடுவேன். காய்கறி வாங்கக்கூட வழியில் இறங்க மாட்டேன். பாலிடெக்னிக் நம்பரை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கொடுத்திருந்தேன். அதுவரை அவர்கள் அதில் கூப்பிட்டதே இல்லை.

“சார், பதட்டப்படாதீங்க” என்று ஆரம்பித்தார் மேனேஜர். “கப்பலோட சின்னப் படகு காலைல ஒரு வேலையா வெளியே போச்சு. இன்னும் திரும்பல. வயர்லெஸ்லயும் கிடைக்கல. உங்க பொண்ணும் அதுல இருக்காங்க.”

பல்சக்கரம் பாதியில் நின்றது. சுண்ணாம்புக்கட்டி சட்டைப் பையிலேயே இருந்ததை அன்று வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். இப்போதும் பகலில் எதிர்பாராத நேரத்தில் போன் அடித்தால், எடுப்பதற்கு முன் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறது. மகள் இப்போது நலமாக, வேறு ஊரில், தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்னைவிட அதிகமாகப் பதறிக்கொண்டு இருக்கிறாள். ஆனாலும் கை போகிறது.

நடந்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில், ஒரு பிப்ரவரி மாதம். அப்போது நாங்கள் மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில் குடியிருந்தோம். மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் கோபுரம் தெரியும். இன்னொரு பக்கம் சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளை ஊசி. இரண்டு வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே நூல் அகலத்துக்குக் கடல். அந்த நூலைப் பார்த்தே என் மகள் வளர்ந்தாள் என்று என் மனைவி சொல்லுவாள். இப்போது அந்த இடைவெளியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது.

மகள் விலங்கியல் படித்தாள். தை பிறந்ததும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிட வரும். அவளும் உடன் படித்த சிலரும் விடியற்காலையில் மணலில் தடம் தேடி நடப்பார்கள். தனியாக அனுப்ப எனக்கு மனம் வராது. முதல் 29சி பஸ்ஸில் நானும் ஏறிவிடுவேன். கையில் செருப்பும், பையில் டீ ஃபிளாஸ்க்குமாக அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நடந்து போவேன். “உங்க நைனா எப்பவும் இப்படித்தானா?” என்று ஒரு பையன் கேட்டது காதில் விழுந்தது. “பிறந்ததுலேர்ந்து” என்றாள் அவள். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவது வழக்கம். எங்கள் முன்னோர் தெலுங்கு பேசியவர்கள். மொழி போய், அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

அப்படிப் போன ஒரு காலையில் கரை ஒதுங்கிய செத்த ஆமை ஒன்றைப் பார்த்தோம். அதன் தலையில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. எனக்குப் புரியவில்லை. மகள்தான் சொன்னாள். மீனவர்களுக்கு ஆமை தெய்வம். வலையில் சிக்கினால் பொட்டு வைத்துக் கும்பிட்டு உடனே கடலில் விட்டுவிடுவார்கள். “நல்ல மனசோடதான் விட்டிருக்காங்க நைனா. ஆனா வலைக்குள்ள ரொம்ப நேரம் முங்கி இருந்திருக்கும். மயக்கத்துல இருக்கறதைத் தண்ணில போட்டா அது முங்கிச் செத்துடும். பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வெச்சு, ஈரத் துணி போர்த்தி, படகுலயே ஓய்வா விட்டிருந்தா மூச்சு திரும்பியிருக்கும். சில சமயம் பல மணி நேரம்கூட ஆகும்.”

“அவ்வளவு நேரம் யாரும்மா காத்திருப்பாங்க?” என்றேன்.

அவள் குனிந்து அந்தக் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

படிப்பு முடிந்த வருடம் கடலடியில் எண்ணெய் தேடும் ஒரு வெளிநாட்டுக் கப்பல் நம் கரைப்பக்கம் வந்தது. கப்பலில் நின்று கடலைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். பேராசிரியர் இவள் பெயரைச் சொல்லிவிட்டார். பனகல் பூங்காவுக்கு அருகே, ஒரு பட்டுப் புடவைக் கடைக்கு மேல்மாடியில் நேர்முகத் தேர்வு. கீழே புதுப் புடவை வாசனையும் மல்லிகைப் பூ வாசனையுமாக இருக்க, படிக்கட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்கி வந்து, “கிடைச்சிடுச்சு நைனா” என்றபோது எனக்கு வந்தது சந்தோஷம்தானா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கீழ் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. அவருக்கு இந்த வேலையை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

“கப்பல்ல என்ன வேலை சார் பொண்ணுக்கு?”

“பாக்கறது சார்.”

“எதை?”

“கடலை.”

“பாத்து?”

“திமிங்கலம், டால்ஃபின், ஆமை ஏதாவது பக்கத்துல வந்தா, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்றது.”

“யார்கிட்ட? திமிங்கலத்துக்கிட்டயா?”

அன்று இரவு சாப்பிடும்போது மகள் எனக்கே அதை விளக்க வேண்டியிருந்தது. கப்பலுக்குப் பின்னால் தண்ணீருக்குள் காற்றுத் துப்பாக்கிகளை இழுத்துப் போவார்கள். சில நொடிக்கு ஒரு தரம் அழுத்தப்பட்ட காற்று வெடிக்கும். அந்தச் சத்தம் கடலடிப் பாறை வரைக்கும் போய்த் திரும்பும். பின்னால் மைல் கணக்கில் நீளும் கேபிள் அதைக் கேட்டுப் பதிவு செய்யும். பாறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

“சத்தம்தானே, அதனால என்ன?” என்றேன்.

“தீபாவளி அன்னிக்கு நம்ம தெரு நாய் எங்க போச்சு?”

“மாடிப்படிக்கு அடியில.”

“திமிங்கலத்துக்கு மாடிப்படி கிடையாது நைனா. அதுக்கு வழி தெரியறது, குட்டியைக் கூப்பிடறது எல்லாமே காதுலதான். திடீர்னு லட்சுமி வெடியைக் கொளுத்தாதீங்க, முதல்ல பொட்டு வெடி, அப்புறம் ஓலை வெடி, அதுக்கு அப்புறம் பெரிய வெடின்னு மெதுவா ஏத்துங்க, அது விலகிப் போக நேரம் கொடுங்கன்னு சொல்றதுதான் ஏற்பாடு. வெடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நான் பாக்கணும். எதுவும் இல்லைன்னு நான் சொன்னாதான் ஆரம்பிக்கலாம். நடுவுல ஏதாவது தலை தூக்கினா, மறுபடி முதல்லேர்ந்து ஒரு மணி நேரம்.”

அந்த விதி அப்போது நம் நாட்டில் எங்காவது எழுதப்பட்டிருந்ததா என்று எனக்குத் தெரியாது. கப்பலை வாடகைக்கு எடுத்தவர்கள் தங்கள் ஊர் வழக்கத்தைக் கூடவே கொண்டு வந்திருந்தார்கள் போலிருக்கிறது.

வேலைக்குப் போவதற்கு முந்தைய மாதம் மொட்டை மாடியில் பழகினாள். அந்த மாலைகள்தான் எனக்கு இப்போது மிகவும் வேண்டியிருக்கின்றன. கீழே ரிக்‌ஷா மணி, யார் வீட்டிலோ வீணைப் பாடம், கொடியில் என் வேட்டி. அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வானத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை பட்டை பட்டையாகப் பார்ப்பாள். கடலுக்குப் பதில் வானம், டால்ஃபினுக்குப் பதில் பருந்து. நான் கைக்கடிகாரத்தோடு நேரம் பார்ப்பேன். பருந்து தெரிந்தால் “மறுபடி” என்பாள். நான் முள்ளைப் பார்த்துப் புதிதாக ஆரம்பிப்பேன்.

“தேடக் கூடாது நைனா. தேடினா எல்லாமே அதுவாத் தெரியும். சும்மா பாத்துக்கிட்டே போகணும். பொருந்தாதது தானா வந்து கண்ணுல படும்.”

“ஒரு மணி நேரம் சும்மா பாக்கறது கஷ்டமா இல்லையா?”

“இருக்குன்னு சொல்றது சுலபம். இல்லைன்னு சொல்றதுதான் கஷ்டம். இல்லைன்னு சொல்லிட்டா வெடிச்சிடுவாங்க இல்ல?”

மனைவி படியேறி வந்து, “ரெண்டு பைத்தியமும் வந்து சாப்பிடுங்க” என்பாள்.

அன்று அந்த டி.நகர் ஆபீஸ் படிக்கட்டை நான் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. ஆட்டோவில் போனேன் என்பது மட்டும் தெரியும். மேனேஜர் முப்பது வயதைத் தாண்டாதவர். சுவரில் கடல் வரைபடம், அதில் ஊசிகள். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

காலையில் கப்பல் வரைபடத்தில் போட்ட ஒரு கோட்டின் வழியே அளந்து முடித்துவிட்டு அடுத்த கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த இடைவேளையில் துப்பாக்கிகள் வெடிக்காது. கேபிளின் வால் நுனியில் ஒரு மிதவை இருக்கும். அதன் அடிச்சட்டத்துக்குள் அறுந்த வலைத் துண்டோடு ஒரு ஆமை மாட்டிக்கொண்டிருப்பதாகக் கேபிளுக்குக் காவலாகக் கூடவே வந்த மீன்பிடி விசைப்படகு வயர்லெஸ்ஸில் சொன்னது. கப்பலிலிருந்து ஒரு சிறிய ஆரஞ்சு நிறப் படகில் இரண்டு மாலுமிகள் கிளம்பினார்கள்.

“என் பொண்ணை எதுக்கு அனுப்பினீங்க?”

“யாரும் அனுப்பல சார். ஆமையை எப்படிப் பிடிக்கணும்னு இவங்களுக்குத் தெரியாது, நான் போறேன்னு அவங்களேதான் இறங்கினாங்க.”

ஆமையை எடுத்தாயிற்று என்று ஒரு தகவல் வந்திருக்கிறது. அதன் பிறகு எதுவும் இல்லை. காவல் படகு வேறு பக்கத்தில் வலை விரித்திருந்தவர்களை விலகச் சொல்லப் போயிருந்தது. திரும்பி வந்தபோது மிதவைக்குப் பக்கத்தில் ஆரஞ்சுப் படகைக் காணவில்லை.

“கப்பல் திரும்பிப் போய்த் தேடலாமே.”

“பின்னாடி கேபிள் இருக்கு சார். அதோட திரும்பறதுக்கே மணிக்கணக்கா ஆகும். நிக்கவும் முடியாது. நின்னா கேபிள் முங்கிடும்.”

“திமிங்கலம் வந்தா நிறுத்துவோம்னு சொல்லித்தானே அவளை வேலைக்கு எடுத்தீங்க?”

“துப்பாக்கியை நிறுத்துவோம் சார். கப்பலை இல்லை.”

நல்ல மனிதர்தான். பொய் சொல்லத் தெரியவில்லை. நான் வரைபடத்தைப் பார்த்தேன். ஊசிகளுக்கும் கரைக்கும் நடுவில் நீலம் மட்டும் இருந்தது. “அவ தண்ணில இருக்கும்போது வெடிக்க மாட்டீங்க இல்ல?” என்று கேட்டேன். “சத்தியமா மாட்டோம் சார். எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. காவல் படகு தேடிக்கிட்டிருக்கு. கடலோரக் காவலுக்கும் சொல்லியாச்சு.”

அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன். மறுமுனையில் குக்கர் சத்தம் கேட்டது. அது அடங்கியது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

“எதுக்குப் போனா?”

“ஆமையை எடுக்க.”

“எடுத்துட்டாளா?”

“எடுத்துட்டாளாம்.”

“அப்ப வந்துடுவா. நீங்க மத்தியானம் சாப்டீங்களா?”

எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே பாண்டி பஜார் எப்போதும்போல் இரைந்துகொண்டிருந்தது. கீழே கடையில் முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பம் ஒன்று நிறத்தைப் பற்றி வாதம் செய்துகொண்டிருந்தது. வயர்லெஸ் தகவல்கள் வந்தன, போயின. ஒவ்வொரு முறையும் மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கடைசியாக ஒரு தகவலைக் கேட்டுவிட்டு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சாந்தோம் குப்பத்துப் படகு ஒன்று ஆரஞ்சு நிறப் படகு ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வடக்கே போனதாக இன்னொரு மீன்படகுக்காரர் காவல் படகிடம் சொல்லியிருக்கிறார்.

“எத்தனை பேர் இருந்தாங்களாம்?”

“அது தெரியல சார். வாங்க, போயிடலாம்.”

அவருடைய சிறிய கார் லஸ் முனையில் நின்று நின்று நகர்ந்தது. சாந்தோம் போனதும் தேவாலயத்துக்குப் பின்னால் சந்து வழியாக மணலில் இறங்கினோம். வெயில் சாய்ந்திருந்தது. கரையில் வலைக் குவியல்கள், கவிழ்த்து வைத்த கட்டுமரங்கள். கடலில் அங்கங்கே படகுகள். மேனேஜர் போன் பேச இடம் தேடி மறுபடி சாலைக்குப் போனார். நான் அலை தொடும் இடத்தில் நின்று, மகள் சொல்லிக்கொடுத்தபடி வலது ஓரத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். பட்டை பட்டையாக. தேடக் கூடாது, சும்மா பார்க்க வேண்டும். என்னால் முடியவில்லை. நான் தேடினேன். எல்லாமே அதுவாகத் தெரிந்தது. ஒரு படகு வந்தது, அது இல்லை. மறுபடி ஆரம்பித்தேன். இன்னொன்று வந்தது, அதுவும் இல்லை. மறுபடி.

“இன்னா சார், கடல்ல இன்னாத்தையாவது தொலைச்சிட்டியா?”

காலியான மீன் கூடைக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“என் பொண்ணு வரணும்” என்றேன்.

“கடல்லேர்ந்தா?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “கப்பல்ல இன்னா வேலை அதுக்கு?”

“கடலைப் பாக்குற வேலை.”

“அத்த நான் கல்யாணம் ஆன நாளா பாத்துக்கினுதான் கீறேன். எனக்கு எவன் சம்பளம் குடுத்தான்?” அவர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “எங்க ஊட்டுக்காரரும் இன்னும் வரல. மத்தியானமே வரவேண்டிய போட்டு. வேற எந்த போட்டும் வராம இல்ல. இழுத்துக்கினு வர்றது அவராத்தான் இருக்கும். அந்தாளுக்குத்தான் ஊர் வம்பெல்லாம். நின்னுக்கினே இருந்தா போட்டு சீக்கிரம் வந்துடுமா? குந்து நைனா.”

சென்னையில் யாரும் யாரையும் கூப்பிடும் சொல்தான் அது. அன்று அதைக் கேட்டதும் அப்படியே மணலில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆபீஸுக்குப் போன் செய்து இடத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறாள். தோளில் துணிப்பை. உள்ளே ஒரு துவாலை, மகளின் உலர்ந்த சல்வார், ஃபிளாஸ்க், சீப்பு. “நனைஞ்சிருப்பா” என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டு தரம் திறந்து துவாலை இருக்கிறதா என்று பார்த்தாள். அவளும் என்னளவுக்குப் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய பயம் துவாலை எடுத்து வைத்தது, என்னுடையது எதையும் செய்யவில்லை.

“தோ” என்றார் மீன்கார அம்மாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. முன்னால் ஒரு படகு. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஆரஞ்சு நிறப் புள்ளி. இரண்டும் மிக மெதுவாக வந்து, அலை உடையும் இடத்துக்கு அப்பால் நின்றுவிட்டன. எதையோ கடலில் போட்டார்கள். நங்கூரம். ஆரஞ்சுப் படகிலிருந்து ஆட்கள் முன்படகுக்குத் தாவினார்கள். முன்படகு மட்டும் அலைமேல் ஏறிக் கரைக்கு வந்தது.

அதில் மிதவைச் சட்டை போட்ட இரண்டு மாலுமிகள் இருந்தார்கள். படகுக்காரரும் அவருடைய கூட்டாளியும் இருந்தார்கள். என் மகள் இல்லை.

நான் முழங்கால் தண்ணீர் வரை ஓடினேன். படகுக்காரர் குதித்து இறங்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீயா அந்தப் பொண்ணோட அப்பா?”

தலையாட்டினேன்.

“இன்னா சார் பொண்ணு வளத்துக்கீற. பயப்படாத, நல்லாத்தான் கீது. தோ குந்திக்கினு கீது பாரு.”

ஆரஞ்சுப் படகின் நடுவில் யாரோ குனிந்து உட்கார்ந்திருந்தது அலைக்கு அலை தெரிந்து மறைந்தது.

“ஏன் கூட்டிட்டு வரல?” என்றாள் மனைவி.

“வர மாட்டேன்னுதும்மா.” அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “மத்தியானமே கண்டுக்கினோம். ஆமை மேல கீற வலைய அறுத்துப் போட்டப்ப, அது போயி என்ஜின் காத்தாடில சுத்திக்கினு ஒடைச்சிட்ச்சாம். வயர்லெஸ்ஸும் நனைஞ்சி போச்சாம். நான் கிட்ட போறேன், போட்டுக்குள்ள ஆமை. எங்களுக்கு அது சாமி சார். கப்பல்காரனுங்க துன்றதுக்குப் புடிச்சிட்டானுங்கன்னு நெனச்சிக்கினேன். மொதல்ல அத்த தண்ணில வுடு, அப்பாலதான் கயிறு தருவேன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

“வுட்டா செத்துடும், மூச்சு திரும்பணும்னுது. நான் வுடுன்றேன், அது வுட மாட்டேன்னுது. நான் கயிறு தர மாட்டேன்றேன், அது வேணாம் நீ போன்னுது.”

“போன்னாளா?”

“ஆமாம்மா. என்ஜின் இல்லாத போட்டுல குந்திக்கினு என்னப் போன்னுது. அந்தக் கப்பல்காரனுங்க ரெண்டு பேரும் என்னக் கையெடுத்துக் கும்பிடுறானுங்க, இது மட்டும் மொறைக்குது.” அவர் குரலில் கோபம் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. “எவ்ளோ நேரம் அப்படியே கெடந்தோம் தெர்யுமா? அப்பால அது எட்டி, எங்க போட்டு மூக்குல வெச்சிருந்த குங்குமத்த ஈர வெரலால தொட்டு, ஆமை தலையில வெச்சிச்சி. நான் சொல்லல சார், அதுவேதான் வெச்சிச்சி. அப்பத்தான் இது துன்ற ஜனம் இல்லன்னு நம்புனேன். கயிறு குடுத்தேன். ஆனா கரைக்கு ஏத்தக் கூடாது, அலைக்கு அந்தாண்டையே வுட்டுடணும்னு கண்டிசனாச் சொல்லிட்டேன். கரையில அது செத்தா எங்க குப்பத்துக்கே ஆவாது. செரின்னுது. மூச்சு வந்ததும் வுட்டுட்டு கை காட்டுறேன், வந்து இட்டுக்கினு போன்னுது.”

“மூச்சு வரலைன்னா?” என்றேன்.

“அத்த நானும் கேட்டேன். வரும்னுது.”

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, அந்த மீன்கார அம்மாள், எழுந்தார். “பொட்டப் பொண்ண என்ஜின் இல்லாத போட்டுல தனியா வுட்டுட்டு இங்க வந்து கத சொல்லிக்கினு கீறியே. போய் அது பக்கத்துல நில்லு. மீன நான் எறக்கிக்கிறேன்.”

“போய்க்கினுதானே கீறேன்.”

“எங்க போய்க்கினு கீற, வாயிதான் போய்க்கினு கீது.”

மீன் கூடைகளை இறக்கிவிட்டு அவர் மறுபடி படகைத் தள்ளினார். மாலுமிகளில் ஒருவர் கரையில் மல்லாந்து படுத்துவிட்டார். மேனேஜர் சாலையிலிருந்து ஓடி வந்து, நிலைமையைத் தெரிந்துகொண்டு என் பக்கத்தில் நின்றார்.

நான் ஆரஞ்சுப் படகைப் பார்த்தேன். இப்போது தேட வேண்டியிருக்கவில்லை. அவள் குனிந்திருந்தாள். இடையிடையே கையில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். முன்பு மாடியில் கைக்கடிகாரத்தோடு நான் உட்கார்ந்திருந்ததுபோல, அவளுக்குப் பக்கத்தில் படகுக்காரர் தன் படகில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அந்த ஆமைமேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு மூச்சு விட்டுத் தொலையேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மீன்கார அம்மாள், “சாமிய அப்படிச் சொல்லாத” என்றார்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. தேவாலய மணி அடித்தது. கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றை முதல் சுற்றுச் சுற்றியது. கரையில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆரஞ்சு நிறம் சாம்பலாக மாறியது. அவளை நான் பார்ப்பது போய், அவள் இருக்கும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி துவாலையைப் பையிலிருந்து எடுத்து விரித்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

அப்போது அந்த இடத்தில் ஒரு அசைவு. குனிந்திருந்த உருவம் எதையோ அணைத்துத் தூக்கி ஓரத்தில் சாய்த்தது. வெகுநேரம் அப்படியே நின்று தண்ணீரைப் பார்த்தது. பிறகு கை உயர்ந்தது.

படகு அலைமேல் வந்தது. கரை தட்டுவதற்கு முன்பே அவள் இறங்கிவிட்டாள். தலைமுடி உப்பில் விறைத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கழுத்தில் பைனாகுலர், வலது கட்டைவிரலில் குங்குமச் சிவப்பு. மனைவி துவாலையை அவள்மேல் போட்டு இறுக்கினாள். நான் திட்டுவதற்கென்று அன்று முழுக்கச் சேர்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. அவள் துவாலைக்குள்ளிருந்து முகத்தை வெளியே நீட்டி என்னைத் தேடினாள்.

“மூச்சு விட்டுச்சு நைனா,” என்றாள். “தலையைத் தூக்கி, நல்லா. நான் பாத்தேன்.”